ஆடும் பல்லா, டைட்டானியம் திருகா?

முரசு (ஈறு) கரைந்து பல் ஆடத் தொடங்கினால் கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் நான் அடிக்கடி கேட்கிற யோசனை: "அதைக் கழட்டிப்போட்டு இம்பிளான்ட் போடுங்கோ அண்ணை, பிறகு கரைச்சல் இல்லை." இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் பூட்டும் டைட்டானியம் திருகு, அதன் மேல்தான் செயற்கைப் பல் நிற்கும். கரைச்சல் உண்டு. அழற்சி பல்லருகிலும் இம்பிளான்டருகிலும் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அது விளங்கும்.

பல் வேரின் மேற்பூச்சுக்குள் நார்கள் குறுக்காகப் புதைந்து, மறுமுனையில் எலும்பைப் பிடித்திருக்கின்றன. அந்த மெல்லிய இடைவெளியில் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. இம்பிளான்டில் இந்த இணைநார் கிடையாது. எலும்பு டைட்டானியத்தோடு நேரே ஒட்டுகிறது. மேலே முரசின் நார்கள் உலோகத்தில் பதியாமல் சட்டைக் கொலர் போலச் சுற்றி நிற்கின்றன. இரத்த ஓட்டமும் குறைவு.

அழுக்குப் படலம் படிந்தால் தொடக்கம் ஒன்றுதான். உடம்பின் காவல் கலங்களில் நியூட்ரோபில்கள் முதலில் வரும், பின்னால் மாக்ரோபேஜ்கள், டி கலங்கள், பி கலங்கள். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1, டிஎன்எஃப் என்ற புரதங்கள் வெளியாகும். ராங்க்-எல் என்ற புரதம் கூடும்போது எலும்பைக் கரைக்கும் கலங்கள் பெருகும். எலும்பு போவது பெரும்பாலும் நம் உடம்பின் சொந்தப் பதிலடியால்.

அப்புறம்தான் வழி பிரிகிறது. பல்லருகே அழற்சிக்கும் எலும்புக்கும் நடுவில் நல்ல நாரிழையம் கொஞ்சம் மிஞ்சி நிற்கும். இம்பிளான்டில் அது பெரும்பாலும் இல்லை, அழற்சி எலும்பு வரை இறங்கும். மனிதரிடம் எடுத்த இழையத் துண்டுகளை ஒப்பிட்டபோது இம்பிளான்ட் பக்கத்துப் புண் இரு மடங்குக்கும் மேல் பெரிதாக இருந்தது. நாய்களில் பல்லையும் இம்பிளான்டையும் சுற்றி நூல் கட்டி அழற்சியை உண்டாக்கி நூலை எடுத்துவிட்டால், பல்லருகே அது அடங்குகிறது. இம்பிளான்டருகே பல இடங்களில் தானாகவே தொடர்கிறது.

நோயின் வேகம் ஆளுக்கு ஆளும் மாறும். இதை உலகத்துக்குக் காட்டியவர்கள் நம் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். 1970இல் தொடங்கி, பல் துலக்கும் வழக்கமில்லாத 480 ஆண்களை ஆண்டுக்கணக்காகக் கவனித்தார்கள். எல்லோர் வாயிலும் அழுக்கு ஏராளம். ஆனால் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக, 11 சதவீதத்தினருக்கு முரசு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. முரசு நோயில் பல்லை இழந்தவருக்கு இம்பிளான்டும் அதே உடம்புக்குள்தான் போகிறது. ஆபத்து கூடுதலாக இருப்பதும் இவர்களுக்கே. புகைத்தலும் கட்டுப்படாத சலரோகமும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

ஆகவே காப்பாற்றக்கூடிய பல்லாக இருந்தால், வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்து அதையே வைத்திருங்கள் என்பேன். வேர் பிளந்துவிட்டதா, சரி, இம்பிளான்ட் நல்ல தெரிவு. கிரவுன் (மேலே வைக்கும் செயற்கைப் பல்) பூட்டியதும் ஒரு எக்ஸ்ரே எடுத்து வைக்கக் கேளுங்கள். அந்தப் பழைய படம் இருந்தால் எலும்பு எவ்வளவு இறங்கியது என்று வைத்தியர் நேரே ஒப்பிடலாம். படம் இல்லாவிட்டால், இரத்தக் கசிவோடு, முரசுக்கும் இம்பிளான்டுக்கும் இடையில் குறைந்தது 6 மில்லிமீற்றர் ஆழமும் குறைந்தது 3 மில்லிமீற்றர் எலும்பு இறக்கமும் தெரிந்த பிறகுதான் நோயென்று உறுதியாகச் சொல்வார்கள். வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், துலக்கும்போது இரத்தம் வந்தாலே போய்க் காட்டுங்கள். முரசோடு நிற்கும் கட்டத்தில் அழற்சியைத் திருப்பிவிடலாம்; எலும்பில் இறங்கிய பின் அந்தக் கரடுமுரடான திருகுப் புரிகளைச் சுத்தம் செய்வது பெரும்பாடு.