மொட்டை மாடி மரச்சட்ட அறையும் பிரிக் டைல் சுவரும்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

மரச்சட்டத்தில் அறை கட்டி, வெளிப்பக்கம் செங்கல் சுவர் மாதிரி தெரிய பிரிக் டைல் ஒட்டினால் சென்னை மழைக்குத் தாங்குமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாங்கும். ஆனால் சுவரைக் காப்பாற்றுவது டைல் இல்லை, டைலுக்குப் பின்னால் விடுகிற இடைவெளி. அது இல்லாமல் எவ்வளவு நல்ல டைல் வாங்கினாலும் பணம் வீண்.

எங்கள் வீடு ஆதம்பாக்கத்தில், மாமனார் கட்டியது. மாடியில் ஓர் அறை எடுக்கலாம் என்றபோது, பார்க்க வந்த இன்ஜினியர் பழைய தளம் இன்னொரு செங்கல் சுவரைச் சுமக்காது என்று சொல்லிவிட்டார். கணக்குப் போட்டால் புரியும். நாலரை இஞ்ச் செங்கல் சுவர் பூச்சு இல்லாமலே ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 20 கிலோ வரும். 20 மி.மீ. களிமண் பிரிக் டைல், ஒட்டும் பசையோடு சேர்த்தே 4 கிலோவுக்குப் பக்கத்தில்தான். பின்னால் வரும் பைபர் சிமெண்ட் போர்டு, சட்டம், சூட்டைத் தடுக்கும் ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த, எரியாத பஞ்சு), உள்பக்க ஜிப்சம் போர்டு எல்லாவற்றையும் கூட்டினாலும் செங்கல் சுவரின் பாதி எடையைத் தொடாது. 2019-ல், பூச்சியும் மக்கலும் வராமல் மருந்து ஏற்றிய பைன் மரச்சட்டத்தில் அறை எழுந்தது. செங்கல் முகம் வேண்டும் என்பது மட்டும் என் பிடிவாதம். எழும்பூர் மியூசியத்தையும் ஹைகோர்ட்டையும் பார்த்து வளர்ந்தவளுக்கு வெறும் போர்டுக்கு பெயிண்ட் அடித்து விட மனம் வரவில்லை.

மூன்று நான்கு மி.மீ. கனத்தில் வளையும் ஷீட்டாகவும் செங்கல் டிசைன் கிடைக்கிறது, எடை இன்னும் குறைவு, ஆனால் அதில் ரெசின் கலந்திருக்கும், தீப்பிடிக்கும் தன்மைக்கு என்ன சோதனைச் சான்று இருக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள். லண்டனில் 2017-ல் கிரென்ஃபெல் டவர் எரிந்ததற்கும் 72 பேர் இறந்ததற்கும் வெளிச்சுவரில் போர்த்தியிருந்த எரியக்கூடிய பொருள் பெரிய காரணம். களிமண் டைல் எரியாது. ஆனால் அதன் பின்னால் தெர்மாகோல் பலகை வைத்தால் அது எரியும். அதனால்தான் நான் ராக்வூல் கேட்டேன்.

இப்போது அந்த இடைவெளிக்கு வருகிறேன். சட்டத்தின் மேல் பிளைவுட், அதன் மேல் தண்ணீரை உள்ளே விடாத, ஆனால் ஆவியை வெளியே விடுகிற மெம்பரேன், அதன் மேல் செங்குத்தாக ஒரு இஞ்ச் ரீப்பர் (மெல்லிய மரப்பட்டை), ரீப்பர் மேல் பைபர் சிமெண்ட் போர்டு, போர்டு மேல் பசை, டைல், டைல்களுக்கு நடுவே சந்தை அடைக்கும் பாயிண்டிங். ரீப்பருக்கு ரீப்பர் நடுவில் காற்று கீழிருந்து மேலே போக வேண்டும், உள்ளே புகுந்த தண்ணீர் கீழே வடிந்து வெளியே வர வேண்டும். எங்கள் மேஸ்திரி, "எதுக்கும்மா இந்த ரீப்பர், பிளைவுட் மேலயே போர்டை அடிச்சு ஒட்டிடலாம், ரெண்டு நாள் வேலை மிச்சம்" என்றார். "இருக்கட்டும் அண்ணே, ரீப்பர் இல்லாம வேண்டாம்" என்று நின்றேன். காரணம் இருந்தது. நியூசிலாந்தில் 1990-களில் மரச்சட்ட வீடுகளின் மேல் இடைவெளி விடாமல் நேராகவே வெளிப்பூச்சு போட்டார்கள், அதே காலத்தில் மருந்து ஏற்றாத மரத்தையும் சட்டத்துக்கு அனுமதித்தார்கள். ஜன்னல் ஓரத்திலும் சந்திலும் நுழைந்த தண்ணீருக்கு வெளியே போக வழியில்லாமல், பல்லாயிரம் வீடுகள் வெளியே அழகாகவும் உள்ளே உளுத்தும் நின்றன. கனடாவின் வான்கூவரிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பாயிண்டிங் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் மயிரிழை விரிசல் வரும், காற்றோடு அடிக்கும் மழை அதில் நுழையும். நுழையும் என்று வைத்துக்கொண்டு வழி விட்டுக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

கீழ் வாயிலும் மேல் வாயிலும் பூச்சி வலை கட்டாயம். எங்கள் வீட்டில் ஒரு மூலையில் வலை விலகிய இடத்தில் குளவி கூடு கட்டி, அந்தச் சந்தே அடைந்துவிட்டது. கோடையில் ஒரு முறை சுற்றிப் பார்த்து வலையைச் சரி செய்வது இப்போது பழக்கம்.

இதோடு இன்னொன்று. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துக் கட்டுபவர்கள் சட்டத்தின் உள்பக்கம், ஜிப்சம் போர்டுக்குப் பின்னால், பாலித்தீன் தாள் விரிக்கச் சொல்வார்கள். குளிர் நாட்டில் அது சரி. அங்கே வீட்டுக்குள் இருக்கும் ஈரம் வெளியே போகப் பார்க்கும், போகும் வழியில் குளிர்ந்து தண்ணீராகும். சென்னையில் தலைகீழ். வெளியே புழுக்கம், உள்ளே ஏசி, அதனால் ஈரம் உள்நோக்கி வருகிறது. போதாததற்கு மழையில் டைல் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், நவம்பரில் மழை விட்டவுடன் சுள்ளென்று வெயில் அடித்தால் அந்த ஈரம் ஆவியாகிச் சுவருக்குள் தள்ளப்படும். உள்ளே பாலித்தீன் இருந்தால் அதன் முதுகில் வியர்த்து, நிற்கும் தண்ணீர் மரத்தைத் தின்னும். நாங்கள் உள்பக்கம் தாளும் போடவில்லை, ஆவி விடாத வால்பேப்பரும் ஒட்டவில்லை. சுவிட்ச் பாக்ஸ் பக்கம் ஒரு சின்ன மூடி விட்டு, மரத்தின் ஈரத்தை மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். 20 சதவீதத்துக்கு மேலேயே நீண்ட நாள் இருந்தால்தான் மரம் மக்க ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் எங்கள் மேற்குச் சுவர் அந்த அளவைத் தொடவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மாடி வடிகால் இலையால் அடைத்துக்கொண்டு தளத்தில் தண்ணீர் நின்றது. அறையின் அடிச்சட்டம் தளத்தில் உட்காராமல் அரை அடி உயரக் கான்கிரீட் திண்டின் மேல் உட்கார்ந்திருந்ததால் மரம் நனையவில்லை. கறையானுக்கும் இந்தத் திண்டு நல்லது, மண் பாதை கட்டி ஏறினால் கண்ணில் படும்.

குறை இல்லாமல் இல்லை. ஜன்னல் மேல் மூலையில் சில டைல்களைத் தட்டினால் பொக்கென்று சத்தம் வருகிறது. விழவில்லை, ஆனால் பிடிப்பு விட்டிருக்கிறது. மரம் ஈரத்துக்கு ஏற்ப அகலவாக்கில் உப்பும், சுருங்கும். டைல் அப்படி அசையாது. அந்த இழுபறி ஜன்னல் மூலையில்தான் அதிகம். அதனால் சாதா சிமெண்ட் பால் வேண்டவே வேண்டாம், வளைந்து கொடுக்கும் பாலிமர் பசை, பையில் எஸ்1 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மரச்சுவர் கைப்பிடிச் சுவரைத் தொடும் இடத்திலும் கட்டட மூலைகளிலும் பாயிண்டிங் கலவை போடாமல் பாலியுரித்தேன் சீலண்ட் அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் சீலண்ட் அடித்த சந்து எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆட்கள் அவசரத்தில் கலவை போட்டு மூடிய ஒரே சந்து மட்டும் முதல் வருஷமே கோடு விட்டது.

வெள்ளை உப்பு பூப்பது சென்னையில் எல்லோருக்கும் வரும் தொல்லை. போர் தண்ணீரில் பாயிண்டிங் கலவை கலக்கவே விடாதீர்கள், மெட்ரோ தண்ணீர் எடுத்து வையுங்கள். பூத்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய் மறுபடி பூக்கும். பளபளப்பு வார்னிஷ் அடிக்கச் சொல்வார்கள், அது ஆவியை அடைத்துவிடும். சிலேன் சிலாக்ஸேன் வகைத் தண்ணீர் விலக்கி போதும், அதையும் அவ்வப்போது திரும்ப அடிக்க வேண்டும்.

ஸ்குரூ விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மருந்து ஏற்றிய மரத்தில் பெரும்பாலும் செம்பு உப்பு இருக்கும், அது ஜிஐ (துத்தநாகம் பூசிய) ஆணியை அரிக்கும், கடல் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் போடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் என்றால் உப்புக் காற்றைக் கூடுதலாகத் தாங்கும் 316 கிரேடு.

வெயிலில் எப்படி? மேற்கு வெயில் டைலில் விழுகிறது, இடைவெளிக் காற்று அந்தச் சூட்டில் ஒரு பங்கை மேலே கொண்டு போய்விடுகிறது. கீழ் வீட்டின் ஒன்பது இஞ்ச் சுவர் கத்திரி வெயிலில் வாங்கிய சூட்டை நடுராத்திரி வரை கக்கிக்கொண்டே இருக்கும், மேல் அறை பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடுகிறது. ஆனால் பகலில் ஏசி நின்றுவிட்டால் சூடு வேகமாக ஏறும், அது மெல்லிய சுவரின் குணம்.

கட்டி முடித்த பிறகு எனக்கு வந்த பெரிய சேதம் மழையால் வரவில்லை, துளையால் வந்தது. இன்டர்நெட் கேபிள் இழுக்க வந்தவர், செங்கல் சுவர் என்று நினைத்து ஹேமர் மிஷினை வைத்து அழுத்தினார். டைல் உடைந்து, போர்டு பிளந்து, மெம்பரேன் வரை ஓட்டை. இப்படிப்பட்ட சுவரில் எது துளைத்தாலும், ஏசி பைப் உட்பட, வெளிப்பக்கம் சரிவாக ஒரு பிவிசி குழாய் செருகி, மெம்பரேனோடு டேப் ஒட்டிச் சேர்க்க வேண்டும். ஏசியின் வெளி யூனிட்டை டைலில் தொங்கவிடாமல் தளத்தில் ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். அந்த உடைந்த டைலை மாற்ற முடிந்ததற்குக் காரணம், வாங்கும்போதே சில பெட்டி கூடுதலாக எடுத்து வைத்திருந்தது. சூளைக்குச் சூளை, சுட்டதற்குச் சுட்டது நிறம் மாறும், பிறகு போய்க் கேட்டால் அதே சிவப்பு கிடைக்காது.