பட்டியல் மேசையா, கருவி மேசையா?

வாக்குச்சாவடியில் யாரை வாக்காளர் பட்டியல் மேசையில் உட்கார வைப்பது, யாரை வாக்குப்பதிவுக் கருவி மேசையில் உட்கார வைப்பது? பர்கூர் மலைச் சாவடியோ, திருப்பூர் நகரப் பள்ளியோ, நெரிசல் முதலில் முட்டுவது முதல் வாக்குப்பதிவு அலுவலரின் மேசையில்தான். அடையாள ஆவணத்தைப் பார்ப்பது, பெயரையும் வரிசை எண்ணையும் வேட்பாளர்களின் முகவர்களுக்குக் கேட்கும்படி உரக்க வாசிப்பது, பட்டியலில் குறியிடுவது எல்லாம் அவர் வேலை. கொங்குப் பட்டியல்களில் பழனிசாமி, சுப்பிரமணியம் என்ற பெயர்கள் அடுத்தடுத்து வரும். "அப்பா பேரு என்னங்க?" என்று கேட்டு, படத்தையும் ஒப்பிட்ட பிறகே குறியிட வேண்டும். தவறான வரியில் குறியிட்டால், உண்மையான வாக்காளர் மாலையில் வந்து நிற்கும்போது தகராறு உறுதி. பூத் சிலிப் மட்டும் அடையாளச் சான்றாகாது; இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

விரலில் வைக்கும் மை, வாக்களிக்க வருபவர்களைப் பதியும் 17ஏ பதிவேடு, வாக்காளருக்குத் தரும் சீட்டு மூன்றும் இரண்டாம் அலுவலர் பொறுப்பு.

மூன்றாம் அலுவலருக்குப் பேச்சு குறைவு, கவனம் அதிகம். சீட்டை வாங்கி, விரல் மையைச் சரிபார்த்து, வாக்கைத் திறந்துவிடும் கட்டுப்பாட்டுக் கருவியில் 'பேலட்' பொத்தானை அழுத்துவார். அதில் சிவப்பு விளக்கு எரியும்; வாக்குப் பதிவானதும் பீப் ஒலிக்கும். ஒலி கேட்காமல் யாரையும் வெளியே விடக்கூடாது. சீட்டை வாங்காமல் பொத்தானை அழுத்திவிட்டால் கருவி காட்டும் மொத்த எண்ணிக்கையும் 17ஏ-வும் ஒத்துப்போகாது. மணிக்கொருமுறை இரண்டையும் ஒப்பிட்டால் பிழை அப்போதே பிடிபடும்.

உள்ளூர் முகங்களோடு நிதானமாகப் பேசத் தெரிந்தவருக்கு முதல் மேசைதான் பொருந்தும். அவசரக்காரரைக் கருவி பக்கம் உட்கார வைக்காதீர்கள்.