நாலு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு யூபிவிசி ஜன்னல்கள்

நான் இரவு வேலை பார்க்கிற தாதி. காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து திரையை இழுத்துவிட்டுப் படுத்தால், சிங்கப்பூர் ஈசூனில் மேம்பாலத்தின் மேல் ஓடுகிற எம்ஆர்டி ரயில் என் தலையணைக்கு அடியில் ஓடுவது போல இருக்கும். எங்கள் புளோக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு சாலையும் ஒரு வரிசை மரமும்தான். அதனால் 2021ல் பழைய அலுமினிய ஜன்னல்களைக் கழற்றிவிட்டு, படுக்கையறைகளில் வெளிப்பக்கம் திறக்கிற யூபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) ஜன்னலும் கூடத்தில் தள்ளித் திறக்கிற ஜன்னலும் போட்டோம். கூடத்துக்கு மட்டும் 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சமையலறையைத் தொடவில்லை.

முதலில் சத்தம். ரயில் வருவது இன்னும் தெரியும், ஆனால் பக்கத்து அறையில் ஃபிரிட்ஜ் ஓடுவது போலத்தான். எனக்கு அது போதும், தூங்கிவிடுகிறேன். ஆனால் கூடத்தில் அந்த வித்தியாசம் பாதிகூட இல்லை. காரணத்தை அப்புறம்தான் புரிந்துகொண்டேன். வெளியே திறக்கிற ஜன்னலை மூடினால் கதவு ரப்பர் பட்டையை நாலு பக்கமும் அழுத்திப் பிடிக்கிறது. தள்ளுகிற ஜன்னலில் பிரஷ் மாதிரி ஒரு நார்ப்பட்டை உரசிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். காற்று போகிற இடத்தில் சத்தமும் போகும். சத்தத்துக்காகச் செலவு செய்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, யூபிவிசி சட்டம் தடிமன். உள்ளே அறை அறையாகக் காலி இடம், நடுவில் இரும்புக் கம்பி. அதே ஓட்டையில் கண்ணாடி கொஞ்சம் சிறுத்துப்போகும்.

இப்போது என் புகார். விற்றவர், கடை பெயர் வேண்டாம், “பராமரிப்பே தேவையில்லை, துடைத்தால் போதும்” என்றார். மறு வருஷம் டிசம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. காலையில் வந்து பார்த்தால் கூடத்து ஜன்னலின் கீழ்த் தடத்தில் தண்ணீர் விளிம்பு வரை நிற்கிறது, வழிந்து அத்தையின் பாயும் நனைந்துவிட்டது. “ஏம்மா, மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி குடுத்து வீட்டுக்குள்ள குளம் வெட்டி வச்சிருக்கீங்களே” என்றார் அத்தை. கடைக்கு போன் போட்டேன். சிலிக்கோன் பசை விட்டுப்போயிருக்கும், திரும்பப் பூச 180 வெள்ளி என்றார்கள். ஆளை அனுப்பிப் பார்க்கக்கூட இல்லை.

பசையில் ஒரு குறையும் இல்லை. கீழ்த் தடத்தில், தண்ணீர் வெளியே போவதற்கென்றே விரல் நகம் அளவுக்கு நீளவாக்கில் துளைகள் வைத்திருக்கிறார்கள். அந்தத் துளை இருப்பதே எனக்குத் தெரியாது. சாத்தே இறைச்சி குத்துகிற குச்சியை விட்டுக் கிளறினேன். ஈசல் இறகு கொத்தாக வந்தது, பின்னாலேயே வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை படிந்து களிமண் மாதிரி ஆன தூசி, யாரோ விட்ட ஒரு ரப்பர் பேண்டு. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரம் சுழன்றுவிட்டு, மடமடவென்று இறங்கிப் போய்விட்டது. 180 வெள்ளி வேலை!

அன்றிலிருந்து ஜூனிலும் டிசம்பருக்கு முன்னாலும் தடத்தைச் சுத்தம் செய்கிறேன். முதலில் வாக்யூம், பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ், பிறகு ஒரு குவளைத் தண்ணீர். எல்லாம் உள்ளே நின்றுதான். துளையின் வெளிப்பக்க மூடியைத் துடைக்கிறேன் என்று ஒன்பதாவது மாடியில் எட்டிக் குனிவது வேண்டாத வேலை.

சட்டத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டும் மெல்லிய துணியும் போதும். நான் ஒரு தடவை ஸ்டிக்கர் பசை போகட்டும் என்று தின்னரால் துடைத்தேன். அந்த இடம் பளபளப்புப் போய் இன்றைக்கும் தேமல் மாதிரி தெரிகிறது. பச்சை நிறத் தேய்ப்பு நாரும் அதே வேலையைத்தான் செய்யும். ரப்பர் பட்டை காய்ந்து ஒட்டிக்கொண்டால் சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்கலாம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், தூசி பிடித்து இன்னும் மோசமாகும்.

போன வருஷம் வேறு ஒருவரை அழைத்தேன். தனியாக வேலை செய்கிற சீன அங்கிள், 90 வெள்ளி. ஒவ்வொரு ஜன்னலையும் பாதி திறந்து விட்டுப் பார்த்தார். கதவைத் தாங்குகிற எஃகுக் கையில் இரண்டு திருகு தளர்ந்திருந்ததைக் காட்டி, என்னையே முடுக்கச் சொன்னார். பிறகு, கேட்காமலேயே சமையலறையின் பழைய அலுமினிய ஜன்னலுக்குப் போய் ரிவெட்டை, அதாவது அந்தக் கையை ஜன்னலோடு பிடிக்கிற ஆணியை, பார்த்தார். வெளியே திறக்கிற அலுமினிய ஜன்னலில் அலுமினிய ரிவெட் இருந்தால் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றியாக வேண்டும் என்பது 2004 முதல் இங்கே சட்டம். எங்களுடையது ஏற்கெனவே மாற்றியதுதான். பிளாஸ்டிக் ஜன்னல் என்றால் அந்த ரிவெட் கவலை இல்லை, ஆனால் எந்த ஜன்னலாக இருந்தாலும், சரியாகப் பராமரிக்காமல் கீழே விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான். அந்த 90 வெள்ளியை நான் சந்தோஷமாகக் கொடுத்தேன்.

உத்தரவாதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். “பத்து வருஷம்” என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அது சட்டம் மஞ்சளாகாமல் இருப்பதற்கு மட்டும். கீலுக்கும் பூட்டுக்கும் ஒரு வருஷம்தான் என்பது ரசீதின் பின்பக்கத்தில் இருக்கிறது.

மறுபடி போடுவேனா? படுக்கையறைக்குக் கட்டாயம். கூடத்துக்கு இந்தத் தள்ளுகிற மாதிரியை வாங்க மாட்டேன். தாளிப்புப் புகை படிகிற சமையலறையில் அந்த வெள்ளைச் சட்டத்தை யார் துடைத்துக்கொண்டிருப்பது, அங்கே அலுமினியமே இருக்கட்டும் என்கிறார் அத்தை. எனக்கும் சரி என்றுதான் படுகிறது.