வாக்கிங், விசிட், போர்டிங்: பகுதிநேரக்காரருக்கு எது கட்டுப்படியாகும்?

எனக்கு மதிய ஷிஃப்ட். இரண்டு மணிக்கு ஆபீஸ் போனால் வீடு திரும்ப ராத்திரி பதினொன்றாகிவிடும். காலைப் பொழுது முழுக்க என் கையில். நான்கு வருடத்துக்கு முன்னால், எங்கள் மேடவாக்கம் ஃபிளாட்டில் மூன்றாவது மாடி ஆன்ட்டிக்கு முட்டி ஆபரேஷன் நடந்தது. அவர் வளர்க்கும் நாய் ஜூனோ. "தம்பி, ஒரே ஒரு மாசம் ஜூனோவைக் கீழ கூட்டிட்டுப் போயிட்டு வாப்பா" என்றார். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

நடுவில் இந்த வேலையின் மூன்று வகைகளையும் செய்து பார்த்தாகிவிட்டது. நாயை வெளியே கூட்டிப்போவது வாக்கிங். ஊருக்குப் போனவர் வீட்டுக்கு நாமே போய்ச் சோறு தண்ணீர் வைப்பது விசிட். நாயை நம் வீட்டில் கொண்டுவந்து தங்கவைப்பது போர்டிங். "நானும் நாய் பார்த்துக்கலாம்னு இருக்கேன்" என்று கேட்கிறவர்கள் மூன்றையும் ஒரே வேலையாக நினைத்துக் கேட்கிறார்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே கிடையாது.

முதலில் காசு. வாக்கிங்குக்கு, வாரத்தில் ஆறு நாள், காலை அரை மணி நேரம், மாதம் 3,000 ரூபாய் வாங்குகிறேன். ஒரு நடைக்கு 115 ரூபாய் சொச்சம். விசிட்டுக்கு ஒரு தடவைக்கு 350. போர்டிங்குக்கு ஒரு ராத்திரிக்கு 800. இதை இப்படியே எழுதிப் பார்த்தால் யாரும் போர்டிங்குக்குத்தான் ஓடுவார்கள். நானும் ஓடினேன். 800-ஐ 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 33 ரூபாய் என்பது, ஒரு தீபாவளி ராத்திரி மூன்று மணிக்குப் பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அந்தக் கதை பிறகு.

வாக்கிங்கில் தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஜூனோ என் பிளாக்கிலேயே இருக்கிறாள். லிஃப்டில் ஏறி இறங்கினால் வேலை முடிந்தது. ஆசைப்பட்டு ஒரு தடவை பெரும்பாக்கம் பக்கம் ஒரு நாய் பிடித்தேன். வண்டி எடுத்து, கேட்டில் செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்துப் போட்டு, லிஃப்டுக்கு நின்று, ஓனர் எழுந்து வந்து கதவைத் திறக்கக் காத்திருந்து, அரை மணி நடைக்கு ஒன்றே கால் மணி நேரம் போனது. பெட்ரோல் தனி. இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய் வரும் தூரத்தைத் தாண்டினால் வாக்கிங் நஷ்டம்தான்.

ஆனால் தெருவைச் சொல்லாமல் வாக்கிங்கைப் பற்றிப் பேச முடியாது. காலை ஐந்தரைக்குச் சென்னைத் தெரு மனிதர்களுடையது இல்லை. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் டீக்கடைக்கும் ஒரு நாய்க்கூட்டம், அதற்கென்று ஓர் எல்லை. எங்கள் தெரு முனையில் செம்மண் நிறத்தில் ஒரு பெட்டை குட்டி போட்டிருந்த இரண்டு மாதமும் நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை, சுற்றிக்கொண்டு போனேன். கூட்டம் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடக் கூடாது. கயிற்றை இழுத்துப் பிடிக்கவும் கூடாது. கயிறு விறைத்தால் நம் பயம் அப்படியே நாய்க்குப் போய்விடும். தெருவின் எதிர்ப்பக்கம் மாறி, நாயை நம் காலோடு ஒட்டவைத்து, அவற்றை முறைத்துப் பார்க்காமல் அதே வேகத்தில் நடக்க வேண்டும். பயந்த நாய் பின்னால் நகர்ந்தே கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டுவிடும். ஜூனோ ஒருநாள் அப்படி உருவினாள். நல்லவேளை, கேட்டுக்குள்தான் ஓடினாள். அன்றைக்கே நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்கச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் மார்கழி. ஐந்து மணிக்கே வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். பத்தடிக்கு ஒரு கோலம், நடுவில் பூசணிப்பூ. நாய்க்கு அது புது வாசனை, மோந்து பார்க்காமல் நகராது. ஆண் நாயாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த மாதம் முழுக்க நடுரோட்டில்தான் நடக்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் வேறு பிரச்சினை. புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பார்ப்பேன். எனக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சு விடுவதே பாடு என்பதால், மே மாதத்தில் ஆறரைக்கு மேல் அவற்றை வெளியே எடுப்பதே இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், எப்போதும் கட்டிப்போட்டு வளர்க்கும் நாய்க்குப் போதிய நடை கொடுக்காமல் இருப்பதே குற்றம் என்று இருக்கிறது. "வாக்கிங்கெல்லாம் பணக்காரங்க பழக்கம்" என்று சொன்ன ஓர் அங்கிளிடம் இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. இன்னொரு சட்டம் நம் மேலேயே பாயும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, தன் வசம் இருக்கும் விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவரைப் பிடிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'தன் வசம்' என்பதைக் கவனியுங்கள். கயிறு யார் கையில் இருக்கிறதோ அவர் வசம். 2024 மே மாதம் ஆயிரம்விளக்கில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறின. அதற்குப் பிறகு தெருவில் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. எவ்வளவு கொடுத்தாலும் பெரிய காவல் இன நாய்களை நான் எடுப்பதில்லை. இது அந்த நாய்களின் மேல் குறை சொல்வது இல்லை. என் எடை 58 கிலோ.

விசிட்டுக்கு வருவோம். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். எனக்குப் பிடித்தது இதுதான். காலையில் ஒரு தடவை, ஆபீஸ் போகும் வழியில் ஒரு தடவை. இரண்டு விசிட்டுக்கு 700. பத்து நாள் அமெரிக்கா போகிறவர் என்றால் 7,000. போகவர நேரத்தையும் சேர்த்தால்கூட மணிக்கு 300-க்குக் குறையாது. அதைவிட, வேலை முடிந்து கதவைப் பூட்டினால் முடிந்தது. இந்த மூன்றில் உண்மையாகவே பகுதிநேரம் என்று சொல்லத்தக்கது இதுதான்.

இதில் பாதி வேலை பூனைகளோடு. பூனைக்கு இடம் மாறுவது ஆகாது, அதனால் பூனைக்காரர்கள் பெரும்பாலும் போர்டிங் கேட்பதே இல்லை. வேளச்சேரியில் ஒரு வீட்டுப் பூனையை ஒன்பது நாளில் நான் ஒருமுறைகூட முழுதாகப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இரண்டு கண், அவ்வளவுதான். பிறகு எப்படி அது நன்றாக இருக்கிறது என்று தெரியும்? பூனை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகும் மண் தட்டு சொல்லும். தட்டில் மூத்திரம் பட்டு இறுகிய மண் எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று தினமும் எண்ணி ஓனருக்கு வாட்ஸப் பண்ணுவேன். சிரிப்பார்கள். ஆனால் ஆண் பூனை தட்டில் போய் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்து, கட்டி ஒன்றும் விழவில்லை என்றால், மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போகிற விஷயம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது, அப்போதே டாக்டர். அதனால் சாவியை வாங்கும்போதே, எந்த டாக்டர், எவ்வளவு வரை செலவு செய்யலாம், போன் எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்கிறேன். ராத்திரி நேரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்பதையும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்வேன்.

விசிட்டின் ஆபத்து சாவிதான். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. குப்பைப் பையை வைக்க ஓரடி வெளியே வந்தேன், பின்னால் 'கிளிக்'. சாவி உள்ளே டைனிங் டேபிளில், கிழட்டு ஸ்பிட்ஸ் நாய் ஒன்றும் உள்ளே, ஓனர் சிங்கப்பூரில். பூட்டுக்காரர் வந்து திறக்க இரண்டு மணி நேரம், 1,200 ரூபாய். என் தப்பு, என் காசு. இப்போதெல்லாம் சாவி ஒரு கயிற்றில் கழுத்தில்தான் தொங்கும், குளிக்கப்போகும் அர்ச்சகர் மாதிரி.

இன்னொன்று கேமரா. ஹாலில் கேமரா இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். எத்தனை நிமிடம் இருந்தேன் என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. பெண்கள் இந்த வேலைக்கு வருவதாக இருந்தால், வீட்டில் ஆள் இல்லாத விசிட்தான் வாக்கிங்கைவிடப் பாதுகாப்பு என்று என்னோடு வேலை பார்க்கும் அக்கா சொல்கிறார். விடிகாலைத் தெரு வேண்டாம், அறிமுகமில்லாத ஓனரோடு தனியாக நிற்கவும் வேண்டாம் என்பது அவர் கணக்கு.

இப்போது போர்டிங். தீபாவளிக்கு ஐந்து ராத்திரி, இரண்டு நாய், 8,000 ரூபாய். அம்மாவிடம் சொல்லாமலே ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒரு பீகிள், ஒரு நாட்டு நாய். முதல் நாள் இரண்டும் ஒரு பிளாஸ்டிக் மக்குக்காகச் சண்டை. இரண்டாம் நாள் இட்லி மாவில் ரோமம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பாத்திரத்தை நங்கென்று வைத்தார். மூன்றாம் நாள் வெடி. பீகிள் போர்வைக்குள் தூங்கிவிட்டது. நாட்டு நாய் நடுங்கி, எச்சில் ஒழுக, கதவைப் பிராண்டி நகத்தில் ரத்தம். ஜன்னல் இல்லாத இடம் பாத்ரூம் மட்டும்தான். கவிழ்த்த பக்கெட்டில் முதுகைச் சாய்த்து, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஆபீசில் என்ன வேலை பார்த்தேன் என்று என் டீம் லீடுக்குத்தான் தெரியும்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. போர்டிங்கில் ஒரு நாயின் நோய் இன்னொரு நாய்க்குப் போகிறது, நடுவில் நிற்பது நம் வீட்டுத் தரை. குட்டிகளின் உயிரையே குடிக்கிற பார்வோ வைரஸ் மாதக்கணக்கில் தரையிலும் மண்ணிலும் உயிரோடு கிடக்கும், சாதாரண ஃபினாயிலுக்கு அசையாது, பிளீச் வேண்டும். தடுப்பூசிகள் போட்டு முடிக்காத குட்டியை ஒரு ராத்திரிக்குக்கூட எடுக்கக் கூடாது. உண்ணி வந்தால் அதோடு உண்ணிக் காய்ச்சலும் வரலாம். வரும்போதே காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் நான் தடவிப் பார்ப்பது ஓனர்களுக்கு அவமானமாகப் படுகிறது. படட்டும். தடுப்பூசிப் புத்தகத்தின் பக்கத்தை போட்டோ எடுக்காமல் கதவுக்குள் விடுவதில்லை.

அசோசியேஷன் வேறு. குடியிருப்பவர் நாய் வளர்க்கக் கூடாது என்றோ, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றோ தடைபோட முடியாது என விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது. அது சொந்த நாய்க்கு. ஃபிளாட்டில் மாதாமாதம் புதுப்புது நாய் வந்து போவது வியாபாரம்தானே என்று எங்கள் செகரட்டரி கேட்டார். எனக்குப் பதில் இல்லை, அவர் கேட்டதில் நியாயமும் இருக்கிறது. தனி வீடு, காம்பவுண்டுச் சுவர், வீட்டில் எப்போதும் ஓர் ஆள் என்று இருப்பவர்களுக்குப் போர்டிங் நல்ல தொழில். ஆனால் அது முழுநேரத் தொழில்.

எதை எடுத்தாலும் ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி நாளை 0 என்று வைத்தால், நான் 0, 7, 21-ஆம் நாட்களில் மூன்று ஊசி போட்டுக்கொண்டேன். முன்பே போட்டவருக்குப் பிறகு கடி விழுந்தால் 0, 3-ஆம் நாட்களில் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் என்கிற தயார் எதிர்ப்புப் புரத ஊசி வேண்டாம். ஆனாலும் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்றைய நிலவரம்: இரண்டு வாக்கிங், இரண்டும் என் பிளாக்கில். மாதத்துக்கு இரண்டு மூன்று விசிட் வீடுகள். லீவு மாதமான மே-யில் இது இரட்டிப்பாகும், அப்போது சாவிகளுக்குக் கலர் நூல் கட்டிவைக்கிறேன். போர்டிங் கிடையாது. ஜூனோ மட்டும் விதிவிலக்கு. ஆன்ட்டி பொண்ணு வீட்டுக்குப் போனால் அவள் எங்கள் வீட்டில்தான். போன தடவை காசைக் கொடுக்க வந்தபோது, "ராத்திரியெல்லாம் என் கட்டிலுக்குக் கீழதான் படுத்திருந்தா, இதுக்குப் போய்க் காசா" என்று அம்மாதான் திருப்பி அனுப்பினார்.