தாய்வழியைக் கேட்காத வம்சாவளிப் படிவம்

1741-இல் குளச்சல் போரில் தோற்றபின் திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்துகொண்ட டச்சுக் கம்பெனி வீரர்களின் வாரிசுகளுக்கென்று தக்கலைப் பக்கம் இயங்கிவரும் ஒரு சிறிய மரபுச் சங்கத்தில், எங்கள் குடும்ப வம்சாவளியைத் தொகுத்துத் தரும்படி சென்ற ஆண்டு 2,000 ரூபாய் கட்டினேன். அம்மாவின் பாட்டி வீட்டில் "நம்ம மூத்தவரு கப்பித்தானோட வந்த வெள்ளக்காரராக்கும்" என்றொரு பேச்சு நெடுநாளாக உண்டு. அது உண்மையா, வெறும் பெருமைதானா என்று பார்த்துவிட நினைத்தேன்.

கட்டணத்தில் உதயகிரிக் கோட்டையைச் சுற்றிக் காட்டுவதும் அடக்கம். குளச்சலில் தோற்றுத் திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைமை ஏற்று, வலிய கப்பித்தான் (பெரிய கேப்டன்) என்று அழைக்கப்பட்ட டி லனாய் 1777-இல் இறந்து அடக்கமாகியிருக்கும் கல்லறையின்மேல் குனிந்து, லத்தீனிலும் தமிழிலும் வெட்டியிருக்கும் எழுத்துகளைச் சங்கத்துப் பெரியவர் விரலால் தடவித் தடவி வாசித்துக் காட்டிய அந்த அரைமணி நேரத்துக்கே பாதிப் பணம் தகும்.

வம்சாவளிக் கோப்பு நான்கு மாதம் கழித்துக் கிடைத்தது. என்னிலிருந்து ஐந்து தலைமுறைக்கு ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளின் நகல்களை இணைத்திருந்தார்கள். அதற்கு மேலே ஆதாரம் இல்லை என்று பென்சிலால் புள்ளிக்கோடு மட்டும் இட்டு, டச்சு வாரிசு என்ற சான்றிதழைத் தர மறுத்துவிட்டார்கள். வீட்டில் சிலருக்கு வருத்தம்தான். எனக்கோ அந்தப் புள்ளிக்கோட்டினால்தான் மற்ற பக்கங்களின்மேல் நம்பிக்கை வந்தது. ஆனால் கணக்கில் ஒரு பிழை இருந்தது. பாட்டியின் தாயார் பிறந்தது, திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில், 1064, தை மாதம். ஆவணியில் தொடங்கும் கொல்லம் ஆண்டில் தை மாதத்துக்கு 825 கூட்டி 1889 என்று எழுத வேண்டியிருக்க, 824 கூட்டி 1888 என்று எழுதியிருந்தார்கள். நாஞ்சில் நாட்டில் பழைய பத்திரம் பார்ப்பவர்கள் செய்யக்கூடாத பிழை இது. சொன்னதும் மறுபேச்சின்றித் திருத்தித் தந்தார்கள்.

என் பெரிய மனக்குறை உறுப்பினர் விதியைப் பற்றியது. படிவத்தில் தந்தை, தந்தையின் தந்தை என்று ஆண்வழிக் கட்டங்கள் மட்டுமே இருக்கின்றன. தாய்வழியில் வருகிறவர்களுக்கு ஓட்டுரிமை இல்லாத இணை உறுப்பினர் இடம்தான். இலங்கையில் டச்சு வம்சாவளியினருக்காக 1908-இல் கொழும்பில் தொடங்கிய டச்சு பர்கர் யூனியனும் ஆண்வழியைத்தான் கணக்கில் கொண்டது என்று காரணம் சொன்னார்கள். இலங்கைக்கு அது பொருந்தியிருக்கலாம். கொல்லம் 1101-இல் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் வரும்வரை சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்துப் போகும் மருமக்கள்வழி உரிமை நடந்த மண்ணில், வெளியிலிருந்து வந்த வீரன் இங்கேயே பெண்கட்டிப் பெருகிய குடும்பங்களின் கதையைத் தாய்மாரை விட்டுவிட்டு எப்படி எழுதுவது? இதைக் கடிதமாகவே கொடுத்திருக்கிறேன், பொதுக்குழுவில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சேர விரும்புகிறவர்கள் பங்குக் கோயில் பதிவேட்டு நகல்களைத் தாங்களே வாங்கிக் கொண்டுபோவது நல்லது. அவர்கள் மூலம் எடுத்தால் நகலுக்குத் தனியே பணம் கேட்கிறார்கள்.