ராயல் பாமா, ஃபாக்ஸ்டெயிலா, பிஸ்மார்க்கா? எந்த இடத்துக்கு எந்தப் பனை

வெயில் பூமியில் ஒரு தோட்டம் அமைக்கும்போது பனைக் குடும்பத்து மரம் ஒன்றாவது வேண்டும் என்று மனம் கேட்கும். நிழலுக்காக அல்ல. நிழல் வேண்டுமென்றால் வேம்போ புங்கமோ வைத்துவிடலாம். கிளை இல்லாத ஒற்றைத் தண்டு, உச்சியில் ஒரு கொண்டை, அதற்குப் பின்னால் முழு வானம் என்ற காட்சி வேறு மரத்தில் கிடைக்காது. காற்று வந்தால் வேம்பு மொத்தமாக அசையும். பனை இனத்தில் ஒவ்வொரு ஓலையும் தனித்தனியாக அசையும், தரையில் விழும் நிழலும் கூடவே அசையும். எனக்கு அந்த அசையும் நிழலுக்காகவே இந்த மரங்களைப் பிடிக்கும்.

ஆனால் நாற்றங்காலில் இடுப்பளவு உயரத்தில் பார்த்தால் எல்லாக் கன்றும் அழகாகத்தான் இருக்கும். வாங்கும் முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் கொண்டை எந்த உயரத்தில் நிற்கும்? காய்ந்த மட்டை என்ன ஆகும்? என் கணக்கில் பாதி முடிவு இந்த இரண்டிலேயே வந்துவிடும்.

முதலில் ராயல் பாம். கியூபாவின் தேசிய மரம், தெற்கு ஃபுளோரிடாவிலும் இயல்பாக வளர்வது. சிமென்டில் வார்த்ததுபோன்ற சாம்பல் தண்டு, அதன் மேல் வழவழப்பான பச்சைக் கழுத்து, அதிலிருந்து விரியும் இறகு ஓலைகள். 20 மீட்டரைத் தாண்டி வளரும். ரியோ டி ஜெனிரோ தாவரவியல் பூங்காவில் புகழ்பெற்ற சாலை ஒன்று இருக்கிறது. அங்கே இரு பக்கமும் நிற்பவை இதன் நெருங்கிய உறவினம். அவற்றின் தாய்மரம் 1809-ல் நடப்பட்டு, 1972-ல் மின்னல் தாக்கி விழுந்தது. நீண்ட நேர்ப்பாதைக்கு இதற்கு நிகராக வேறு பனையை என்னால் சொல்ல முடியவில்லை. தூண்கள் வரிசையாக நிற்க, கூரை மட்டும் வானமாக இருப்பது போலிருக்கும்.

வீட்டு முற்றத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. சில வருஷத்தில் கொண்டை மாடியைத் தாண்டிப் போய்விடும், வாசலில் நிற்பவர் கண்ணுக்கு மிஞ்சுவது தண்டு மட்டுமே. அடுத்தது மட்டை. ராயல் பாம் காய்ந்த மட்டையைத் தானே உதிர்த்துவிடும் என்பதை நன்மையாகச் சொல்வார்கள், ஆள் ஏற்றி வெட்ட வேண்டாமே என்று. அந்த மட்டை மூன்று நான்கு மீட்டர் நீளம், 20 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. காற்றே இல்லாத மதியத்தில் அது விழும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் அதன் அடியில் காரை நிறுத்த மாட்டார்கள், குழந்தைகளை விளையாடவும் விட மாட்டார்கள். தண்ணீரும் தாராளமாகக் கேட்கும் மரம் இது.

இதற்கு நேர்ப் போட்டி ஃபாக்ஸ்டெயில் பாம். ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில், மெல்வில் மலைத்தொடரின் பாறைகளுக்கிடையே மட்டும் காட்டு மரமாக வளர்வது. அறிவியல் இதற்குப் பெயர் வைத்ததே 1983-ல்தான். பேரினப் பெயர் வோடியெட்டியா, அந்த மண்ணின் பூர்வகுடி முதியவர் வோடியெட்டியின் நினைவாக. இவ்வளவு குறுகிய இடத்தில் பிறந்த மரம் நாற்பதே வருஷத்தில் உலகின் வெப்பமான ஊர்களுக்கெல்லாம் பரவியிருக்கிறது என்றால் காரணம் ஓலைதான். வழக்கமான இறகு ஓலையில் நடுத்தண்டின் இரு பக்கம் மட்டும் சிற்றிலைகள் இருக்கும். இதில் நாலா பக்கமும் சுற்றி முளைக்கின்றன. கையில் பிடித்தால் நரி வாலேதான். ஒவ்வொரு சிற்றிலையின் நுனியும் கடித்து வைத்ததுபோல் பிசிறாக இருக்கும். மாலை வெயில் பின்னாலிருந்து வரும்போது அந்தப் பிசிறுகள் ஒளியைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே மேற்குப் பக்கம் ஒன்று நடலாம்.

இதுவும் மட்டையைத் தானே உதிர்க்கும், ஆனால் மட்டை சிறியது, எடை குறைவு. உயரமும் பெரும்பாலும் பத்து மீட்டரையொட்டி நின்றுவிடும். வேர் பிடித்த பிறகு கொஞ்சம் வறட்சியைத் தாங்கும். வீட்டுத் தோட்டம் என்றால் நான் யோசிக்காமல் ஃபாக்ஸ்டெயில் பக்கம்தான். அகலமான சாலையோ பெரிய வளாகமோ என்றால் ராயல் பாம்.

விசிறி ஓலை விரும்புகிறவர்களுக்கு வாஷிங்டோனியாவும் பிஸ்மார்க்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் படங்களில் ஒல்லியாக வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பவை பெரும்பாலும் வாஷிங்டோனியாதான், 1930-களில் அங்கே சாலையோரமாக ஆயிரக்கணக்கில் நட்டார்கள். வேகமாக வளரும், வறட்சிக்கு அசராது. ஆனால் காய்ந்த ஓலையை விடாது. பாவாடைபோல் தண்டைச் சுற்றித் தொங்கவிட்டுக்கொள்ளும், எலி குடியேறும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். 25 மீட்டர் உயரத்தில், கருக்கு மட்டைகளுக்கு நடுவே அதை வெட்ட ஆள் ஏற வேண்டும். தூரத்து அடிவானத்தில் இது அற்புதம். பக்கத்தில் வைத்துக்கொள்ளும் மரம் அல்ல.

பிஸ்மார்க் அப்படியே எதிர். மடகாஸ்கர் மரம், நீல வெள்ளி நிறம். அந்த நிறம் ஓலைமேல் படிந்த மெழுகால் வருவது, விரலால் தேய்த்தால் பச்சை தெரியும். மழை பெய்து ஓய்ந்ததும் பாருங்கள்: நீர் பரவாமல் மணி மணியாக மடிப்புகளில் உருண்டு நிற்கும். மெதுவாக உயர்வதால் அந்தப் பெரிய விசிறிகள் பல வருஷம் கண் மட்டத்திலேயே இருக்கும். விலையாக அது கேட்பது இடம். கொண்டை ஆறேழு மீட்டர் அகலம் விரியும். சுவர் ஓரத்தில் வைத்துவிட்டு ஓலையை வெட்டிக்கொண்டே இருப்பது அதற்குச் செய்யும் அநியாயம். வேரைக் கலைத்தால் பொறுக்காது, ஆகவே சிறு கன்றாகவே நட்டுவிடுங்கள். திறந்த புல்வெளி இருப்பவர்களுக்கு என் முதல் தேர்வு இது.

மறைப்பு மட்டும் போதும் என்றால் புதராக வளரும் அரேக்கா பாம், வேறு யோசனை வேண்டாம். ஈச்சை வகைகள் கம்பீரமானவைதான், ஆனால் மட்டையின் அடியில் ஊசி முள், நடைபாதை ஓரத்துக்கு ஆகாது. பனை இனங்களைத் துளைத்துத் தின்னும் சிவப்புக் கூன்வண்டு மத்தியதரைக்கடல் ஊர்களில் கேனரி ஈச்சைகளை எப்படி அழித்தது என்பதையும் மறக்கக் கூடாது.

எதை நட்டாலும் ஒன்று பொது: ஒற்றைத் தண்டுப் பனைக்கு உயிர் ஒரே குருத்தில். அது போனால் பக்கக் கிளை விட்டுப் பிழைக்க வழியில்லை. தண்டில் விழுந்த காயமும் ஆறாது, கடைசிவரை அப்படியே இருக்கும். பச்சை மட்டையைச் சீவி விளக்குமாறுபோல் நிறுத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பழைய ஓலையிலிருந்துதான் மரம் பொட்டாசியத்தை எடுத்துப் புது ஓலைக்குக் கொடுக்கிறது.

ஆழமாக நடுவதும் அதே அளவு கெடுதல். ஒரு தோட்டத்தில் ஆறு ஃபாக்ஸ்டெயில் நட்டோம். சாயாமல் நிற்கட்டும் என்று வேலை எடுத்தவர் ஒரு முழம் கூடுதலாகப் புதைத்துவிட்டார். இரண்டு வருஷத்தில் குருத்தோலை வெளிறி மஞ்சளாக வந்தது. உரம் போட்டோம், பலனில்லை. மண்ணைத் தோண்டிப் பார்த்தபோதுதான் வேர் மூச்சுத் திணறுவது புரிந்தது. சுற்றி மண்ணை எடுத்ததும் ஐந்து மெல்லத் தேறின, ஒன்று போய்விட்டது. அந்தக் குழியில் மட்டத்தைச் சரிபார்த்துச் சின்னக் கன்றாக மறுபடி நட்டேன். மற்ற ஐந்தையும் இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இதன் ஓலை மட்டும் என் கண்ணுக்கு நேரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் அசைகிறது.