ஐந்து நாள் கேனோப் பயணம்: தோளுக்கும் தண்ணீருக்கும் நடுவே சில தேர்வுகள்

1944-இல் அமெரிக்காவின் அடிரான்டாக் மலைப்பகுதிக்கு மீன்பிடிக்கப் போன ஒருவர், மரச்சட்டத்தின் மேல் கேன்வாஸ் போர்த்திய தன் கேனோவை, அதாவது மேலே திறந்த ஒடுங்கிய துடுப்புப் படகை, சுமந்து காட்டுப் பாதையில் நடந்தார். எடை அவரைப் படுத்திவிட்டது. அவர் வில்லியம் ஹாஃப்மன். போர் விமானங்கள் செய்துகொண்டிருந்த கிரம்மன் நிறுவனத்தில் துணைத் தலைவர். விமானத்துக்கு அலுமினியத் தகட்டை வளைக்கிறோமே, படகுக்கும் வளைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டே கிரம்மனின் அலுமினிய கேனோ வந்துவிட்டது.

தோள்வலியில் பிறந்த படகு அது. ஆற்றில் பல நாள் போக எந்தப் படகு நல்லது என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தக் கதைதான் முதலில் நினைவுக்கு வரும். தண்ணீர்மேல் இருக்கும்வரை ஏறக்குறைய எல்லாப் படகும் நல்ல படகுதான். கரையில் தூக்கும்போதும் நடு ஆற்றில் கவிழும்போதும்தான் அதன் குணம் தெரியும். படகு, பை, முகாம் என எதை ஒப்பிட்டாலும் நான் இந்த இரண்டு நேரங்களை வைத்துத்தான் பார்ப்பேன்.

ஆகவே, கடைக்குப் போகும் முன் வரைபடத்தை விரியுங்கள். போகும் வழியில் எத்தனை இடத்தில் படகைக் கரையேற்றிச் சுமக்க வேண்டும்? நுரைத்துப் பாயும் இடங்கள் எத்தனை? அவை எந்த நிலை? ஆறுகளின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை வகுக்கும் சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. சுமை ஏற்றிய திறந்த கேனோவுக்கு, ஓரளவு பழகியவர்களுக்கு, இரண்டாம் நிலை போதும். மூன்றாம் நிலை என்றால் நான் சாமான்களை இறக்கிக் கரைவழியே தூக்கிப் போய்விடுவேன். ஒன்றை மறக்காதீர்கள்: அந்த எண் ஒரு குறிப்பிட்ட நீர்மட்டத்துக்கானது. மழைக்குப் பிறகு அதே இடம் வேறு எண்ணுக்கு மாறிவிடும்.

கேனோ, கயாக், காற்றடைத்த படகு

கயாக் காற்றுக்கு எளிதில் அசையாது. உட்காருபவர் தாழ்ந்து உட்காருவதால் எதிர்க்காற்று அவ்வளவாகப் பிடிக்காது, மேலே மூடியிருப்பதால் அலையும் உள்ளே வராது. அகன்ற ஆற்றில், ஏரி குறுக்கிடும் பாதையில், தனியாகப் போகிறவருக்கு இதுதான் சரி. ஆனால் சாமான் வைக்கும் வாய் சின்னது. ஒரு பெரிய பையை இருபது சின்னப் பைகளாகப் பிரித்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ள வேண்டும், மாலையில் ஒவ்வொன்றாக வெளியே இழுக்க வேண்டும். சுமந்து நடக்கும் இடம் வந்தால் இந்த வேலை முழுவதும் நட்டநடுவில் இன்னொரு முறை. அதனால்தான் கயாக்கில் போகிறவர்கள் ஒரு பெரிய காலிப் பையை மடித்து வைத்திருப்பார்கள். இறங்கியதும் அந்தச் சின்னப் பைகளையெல்லாம் அதில் கொட்டித் தூக்குவதற்கு.

காற்றடைத்த படகில் இரண்டு வகை. முதுகுப்பையில் சுருட்டிப் போடும் பேக்ராஃப்ட் 2 முதல் 4 கிலோதான் இருக்கும், தோளுக்கு இதைவிடச் சுகம் வேறில்லை. ஆனால் தேங்கிய நீரில் அது நகர மறுக்கும், காற்றடித்தால் பரிசல் மாதிரி சுற்றும். பாதி நடை, பாதி ஆறு என்று திட்டம் போட்டால் மட்டும் அதைத் தேடுங்கள். பெரிய ராஃப்ட், பாய்ச்சல் மிகுந்த ஆறுகளுக்கானது. அதைத் தூக்கி நடப்பது பற்றிப் பேச்சே வேண்டாம்.

16, 17 அடி நீளமுள்ள இருவர் கேனோ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டு பேர், ஐந்து நாள் சாமான் எல்லாம் ஏறிய பிறகும் பக்கவாட்டில் போதிய உயரம் மிஞ்சும். வாய் திறந்திருப்பதால் பெரிய பைகளை அப்படியே வைத்து அப்படியே எடுக்கலாம். நடுவில் தோளுக்கு வளைவு செதுக்கிய குறுக்குச்சட்டம் ஒன்று இருக்கும், மாட்டு நுகத்தடியைப் போல. படகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் ஏற்றினால் ஒருவரே நடக்கலாம். குறை என்றால், காற்றுதான். எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் போராடியவர்கள் மதியத்துக்கு மேல் துடுப்புப் போடவே யோசிப்பார்கள். அதற்கு வழி, விடியலில் கிளம்புவது. ஆற்றங்கரையில் அதிகாலையில் பெரும்பாலும் காற்று இருக்காது.

எந்தப் பொருளில் செய்த கேனோ

இங்கே கிலோவில் பேசுவோம். 17 அடி அலுமினிய கேனோ சுமார் 34 கிலோ. மூன்று அடுக்கு பாலிஎதிலின் பிளாஸ்டிக்கில் செய்தது 40 கிலோவை நெருங்கும். கெவ்லர் என்ற செயற்கை இழையில் செய்த மிக லேசான படகு 19 கிலோ. காகிதத்தில் பார்த்தால் கெவ்லர்தான் ஜெயிக்கும். பாறைமேல் உரசும்போது கணக்கு மாறும்.

அலுமினியம் பாறையில் வழுக்காது, ஒட்டிக்கொள்ளும். வெயிலில் சுடும், அதிகாலையில் முழங்கால் வைத்தால் சில்லென்று ஏறும், துடுப்பு பட்டால் ஊருக்கே கேட்கும். ஆனால் எத்தனை ஆண்டு வெளியில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது, பள்ளம் விழுந்தால் தட்டி நிமிர்த்தலாம். பிளாஸ்டிக் படகு பாறைமேல் வழுக்கிக்கொண்டு போகும், அடிபட்டாலும் தாங்கும். வாடகைக்கு விடுகிறவர்கள் பலர் அதை வைத்திருப்பது அதனால்தான். எடைதான் அதன் ஒரே பெரிய பாவம், அதுவும் சின்னப் பாவமல்ல.

நடுவில் ராயலெக்ஸ் என்று ஒன்று இருந்தது. நுரை நடுவே, அதன் இருபுறமும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், வெளியே வினைல் தோல். பாறையைச் சுற்றி மடங்கிய படகை இழுத்தெடுத்து மிதித்து நிமிர்த்தி, அதிலேயே வீடு திரும்பியவர்கள் உண்டு. 2014-இல் அந்தத் தகட்டின் உற்பத்தி நின்றுவிட்டது. பழைய ராயலெக்ஸ் படகு நல்ல நிலையில் கைக்கு வந்தால் விடாதீர்கள். அதே அடுக்கமைப்பில் இப்போது டி-ஃபார்மெக்ஸ் என்ற தகடு கிடைக்கிறது.

கெவ்லர் இழையை 1965-இல் டூபாண்ட் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் ஸ்டெஃபனி குவோலெக். குண்டு துளைக்காத உடையில் இருக்கிறதே, பாறைக்குப் பயப்படுமா என்று சிலர் கேட்பார்கள். இழுப்பைத் தாங்குவது வேறு, உரசலைத் தாங்குவது வேறு. கெவ்லர் படகைக் கரையில் தேய்த்து இழுக்கக் கூடாது. முழங்காலளவு தண்ணீரிலேயே இறங்கி, பையை இறக்கி, படகைத் தூக்கி வைக்க வேண்டும். ஐந்து நாளும் கால் ஈரமாகவே இருக்கும். அதற்குத் தயாராக இருந்து, வழியில் நாலைந்து முறை சுமக்க வேண்டியும் இருந்தால் கெவ்லர். சுமப்பதே இல்லை, ஆழம் குறைந்த கல்லாறு என்றால் பிளாஸ்டிக். எல்லாவற்றுக்கும் ஒரே படகு வேண்டும் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. வாடகைக்கு எடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

டிரம்மும் பையும், கட்டுவதும் விடுவதும்

சாப்பாட்டுக்கு 60 லிட்டர் நீல டிரம், துணிக்கும் படுக்கைக்கும் ட்ரை பேக், அதாவது வாயைச் சுருட்டி மூடும் தண்ணீர் புகாத பை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிரம்முக்கு ரப்பர் வளையம் வைத்த மூடி, அதைப் பூட்ட இரும்புப் பட்டையும் நெம்பும் உண்டு. உள்ளே பிஸ்கட் நொறுங்காது, மாலையில் உட்காரும் ஸ்டூலும் அதுதான். எலிக்குத் தாங்கும். கரடிக்குத் தாங்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். முதுகில் மாட்ட நல்ல பட்டை இல்லாமல் வாங்கினால் முதல் சுமை நடையிலேயே அதைத் திட்டுவீர்கள்.

ட்ரை பேக்கின் உயிர் அதன் மடிப்பில் இருக்கிறது. வாயைக் குறைந்தது மூன்று முறை சுருட்டிக் கொக்கி போட வேண்டும். ஒரு முறை நான் ஸ்லீப்பிங் பேக்கைத் திணித்த திணிப்பில் ஒன்றரைச் சுருட்டுக்குத்தான் இடம் இருந்தது. போதும் என்று மாட்டிவிட்டேன். மாலையில் பிரித்தால், மடிப்பின் உள்விளிம்பு நெடுக விரல் அகலத்துக்கு மணல் கோடு. அந்த வழியாகப் புகுந்த தண்ணீரெல்லாம் கீழே இறங்கி, சரியாகக் கால் வைக்கும் பக்கத்தை நனைத்திருந்தது. அன்றிரவு முதுகுப்பைக்குள் காலை விட்டுக்கொண்டு தூங்கினேன்.

அப்புறம் வருவது, பழகியவர்களே இரண்டு கட்சியாக நிற்கும் விஷயம்: சாமான்களைப் படகோடு இறுக்கிக் கட்டுவதா, கட்டாமல் விடுவதா?

கட்டாதே என்பவர்கள் சொல்வது இது. அமைதியான நீரில் கவிழ்ந்தால் பைகள் மிதந்து வெளியேறட்டும். காலிப் படகை இன்னொரு படகின் குறுக்கே ஏற்றிக் கவிழ்த்து, தண்ணீரை வடித்துத் திரும்ப இறக்கிவிடலாம். பைகளை அப்புறம் பொறுக்கலாம். கட்டியிருந்தால் அந்தக் கனத்தோடு படகை மற்றப் படகின் மேல் ஏற்ற முடியாது.

கட்டு என்பவர்கள் பாய்ச்சலை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். 17 அடி கேனோ முழுக்க நிரம்பினால் உள்ளே அரை டன்னுக்கு மேல் தண்ணீர் நிற்கும். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். அந்தக் கனம் ஒரு பாறையில் குறுக்கே அழுந்தினால் இரண்டு பேர் இழுத்து வராது. காற்றடைந்த பைகளைப் படகின் அடித்தளத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் நிற்காது. படகு உயர்ந்து மிதக்கும், பாறையைத் தாண்டிப் போய்விட வாய்ப்பு அதிகம்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, ஆறுதான் வேறு. துணைக்கு இன்னொரு படகும் வரும் அகன்ற, அமைதியான நீரில் நான் கட்டுவதில்லை. பாய்ச்சல் உள்ள நாளில் காலையிலேயே இறுக்கிவிடுவேன். இரண்டும் கெட்டான் ஒன்று உண்டு: தொலைந்துபோகக் கூடாதே என்று ஒவ்வொரு பையையும் நீளக் கயிற்றில் தளர்வாகக் கட்டுவது. கவிழ்ந்ததும் அந்தக் கயிறெல்லாம் தண்ணீரில் விரிந்து காலைச் சுற்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். எப்படிக் கவிழ்ந்தாலும் படகுக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கமே நீந்துங்கள். படகுக்கும் பாறைக்கும் நடுவில் ஆள் மாட்டக் கூடாது. லைஃப் ஜாக்கெட் பையில் இருந்தால் அது வெறும் சாமான், கொக்கி போட்டு உடம்பில் இருக்க வேண்டும்.

எங்கே படுப்பது

ஒரே முகாமில் தங்கித் தினமும் சுற்றிவருவதா, தினமும் நகர்வதா? குழந்தைகள் இருந்தால் முன்னது. மற்றவர்கள் நகருங்கள், நதிப் பயணத்தின் ருசி அதில்தான். சுமை ஏற்றிய கேனோ தேங்கிய நீரில் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போகும். அதை எட்டு மணி நேரத்தால் பெருக்கித் திட்டம் போடுகிறவர்கள் இரண்டாம் நாளே சண்டை போடுவார்கள். நாளுக்கு 20 கிலோமீட்டர், ஐந்து நாளில் ஒரு நாள் காலியாக. கார், பயணம் முடியும் இடத்தில் நிற்கட்டும். அங்கிருந்து வேறு வண்டியில் தொடங்கும் இடத்துக்குப் போங்கள். களைத்துக் கரையேறும்போது வண்டி அங்கேயே காத்திருக்கும்.

மணல்திட்டில் காற்று வரும், கொசு குறைவு, படகிலிருந்து நாலு அடியில் கூடாரம். மேட்டுக்கரையில் ஏறி இறங்க வேண்டும், மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். தோள் திட்டைத்தான் கேட்கும். ஆனால் மேலே எங்கோ பெய்த மழையோ, அணையில் திறந்த மதகோ திட்டுக்குச் சொல்லிவிட்டு வராது. திட்டில் தங்கினால் நான் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டுத்தான் சமையலைத் தொடங்குவேன். ஒரு முறை சோறு வேகும் நேரத்துக்குள் அந்தக் குச்சி தண்ணீருக்குள் ஒரு சாண் தள்ளி நின்றது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டே மேட்டுக்குப் போனோம். மேலே அணை இருக்கும் ஆற்றில் இப்போதெல்லாம் நான் திட்டில் படுப்பதே இல்லை. எங்கே படுத்தாலும் படகைக் கவிழ்த்துப் போட்டு மரத்தில் கட்டுங்கள். இரவுக் காற்று காலிக் கேனோவை உருட்டிவிடும்.

மரம் அடர்ந்த, தரை சரிந்த கரை என்றால் கூடாரத்தைவிட, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் துணி ஊஞ்சலான ஹேமக் சுகம். மரமே இல்லாத ஆற்றில் அது வெறும் துணி.

குடிநீர்

கொதிக்க வைப்பது தண்ணீரில் வரும் நோய்க்கிருமிகளைக் கொல்லும். தளதளவென்று ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். ஆனால் ஐந்து நாளுக்கும் அந்த எரிபொருளைச் சுமக்க வேண்டும். குளோரின் டையாக்சைடு மாத்திரை எடையே இல்லை. ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாக நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். 0.1 மைக்ரான் வடிகட்டி உடனே தண்ணீர் தரும், பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் பிடிக்கும், வைரஸை விட்டுவிடும். கலங்கிய ஆற்றில் அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். இரவில் ஒரு மடக்கு வாளியில் தண்ணீரை எடுத்து வையுங்கள். காலையில் வண்டல் அடியில் தங்கியிருக்கும், மேல் தண்ணீரை மட்டும் வடிகட்டலாம். வயல்களின் பூச்சிமருந்தை இந்த மூன்றுமே எடுக்காது. அப்படிப்பட்ட கரை என்றால் குடிநீரைக் கேனில் ஏற்றிவிடுங்கள், கனத்தைப் படகு தாங்கும்.

நான் கொண்டுபோவது வடிகட்டியும் ஒரு அட்டை மாத்திரையும். வடிகட்டிக்குள் இருக்கும் நுண்குழல்கள் ஒரு முறை உறைந்தால் வெடித்துவிடும், வெளியில் பார்த்தால் தெரியாது. குளிர் இரவென்றால் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள், கால்மாட்டில் போட்டுக்கொள்வேன்.